மேய்னுக்குப் பணம் அனுப்பும் தமிழ் நண்பர்களுக்கு

நியூ ஜெர்சி, பாஸ்டன், பே ஏரியா பக்கம் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

2026 நவம்பர் 3ஆம் தேதித் தேர்தலை ஒட்டி உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் ஊர்ப் பெயர் மறுபடியும் அடிபடுகிறது. மேய்ன் மாநிலத்தின் இரண்டாவது காங்கிரஸ் தொகுதி. பிரதிநிதிகள் சபை யார் கைக்குப் போகும் என்பதே இந்த மாதிரி நாலைந்து சீட்டில்தான் இருக்கிறது, 25 டாலராவது போடுங்கள் என்று ஒருவர் லிங்க் போடுகிறார், கீழே வரிசையாகக் கட்டைவிரல். இன்னொரு குழுவில் அதே தொகுதிக்கு எதிர்க்கட்சியின் லிங்க், அங்கேயும் கட்டைவிரல். நீங்கள் நீலமா (ஜனநாயகக் கட்சி) சிவப்பா (குடியரசுக் கட்சி) என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை, நான் யாருக்குப் போடுவேன் என்றும் இங்கே சொல்லப் போவதில்லை. பாங்கோர் பக்கம் குடியிருக்கிறவன், உங்கள் பணமும் போன் அழைப்பும் போஸ்ட்கார்டும் வந்து விழுகிற இடத்தில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்புவதில் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது, சில நேரம் நீங்கள் ஜெயிக்கவைக்க நினைக்கிற ஆளுக்கே அது வினையாகவும் முடிகிறது.

கோபப்படாதீர்கள். முதலில் இந்தத் தொகுதி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கேளுங்கள்.

மாநிலம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 14 லட்சம் பேர்தான். தொகுதிகள் இரண்டே இரண்டு. போர்ட்லாந்தும் தெற்குக் கடற்கரையும் முதல் தொகுதியில், மிச்சமெல்லாம் ஏறக்குறைய இரண்டாவதில். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பரப்பில் இதைவிடப் பெரிய தொகுதி கிடையாது. பாங்கோரில் வண்டியை எடுத்தால் கனடா எல்லையில் இருக்கும் ஃபோர்ட் கென்ட் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியெல்லாம் காடு, காடு முடிந்தால் உருளைக்கிழங்கு வயல். அங்கே வடக்கே அறுவடைக்காகச் செப்டம்பரில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. எல்லையோர ஊர்களில் வயசானவர்கள் வீட்டில் பிரெஞ்சு பேசுகிறார்கள். கிழக்கே கடலோரம் லாப்ஸ்டர், அதற்குக் கொஞ்சம் உள்ளே புளூபெரி நிலங்கள். தெற்கு முனையில் லூயிஸ்டன், பழைய ஆலை நகரம், ஒரு காலத்தில் கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள், 2001க்குப் பிறகு சோமாலியர்கள். "கிராமப்புறத் தொகுதி" என்று செய்தியில் ஒரே வார்த்தையில் போட்டுவிடுகிறார்கள். இந்த நாலு இடத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால், குளிரைத் தவிர எனக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

இந்த மக்கள் ஓட்டுப் போடுகிற விதம் கணக்குப் போடுகிறவர்களை இன்றுவரை தலையைச் சொறிய வைத்திருக்கிறது. ஒபாமா 2008, 2012 இரண்டு முறையும் இங்கே ஜெயித்தார். டிரம்ப் 2016, 2020, 2024 மூன்று முறையும் ஜெயித்தார். மேய்னில் ஜனாதிபதித் தேர்தலின் தேர்வாளர் (எலக்டோரல்) ஓட்டு தொகுதிவாரியாகப் பிரிகிறது என்பதால் அந்த ஒற்றை ஓட்டு மூன்று முறையும் அவருக்கே போயிற்று. ஆனால் அதே 2020இலும் 2024இலும், டிரம்புக்குப் போட்ட அதே ஓட்டுச்சீட்டில், காங்கிரஸுக்கு ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டனுக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கோல்டன் லீட்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர், மரைன் படையில் ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் போனவர், அப்புறம் கொஞ்ச காலம் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸிடமே வேலை பார்த்தவர். 2021இல் பைடனின் பெரிய செலவுத் திட்டத்துக்குச் சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே ஜனநாயகக் கட்சிக்காரரும் அவர்தான். உங்களில் நீலப் பக்கத்து நண்பர்கள் அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டு எனக்கு நினைவிருக்கிறது. மூன்று வருஷம் கழித்து அவருக்கே நன்கொடை கேட்டு லிங்க் போட்டதும் நினைவிருக்கிறது.

2024இல் அவர் ஜெயித்தது சுமார் 2,700 ஓட்டில். ஏறத்தாழ நாலு லட்சம் ஓட்டு விழுந்த தேர்தலில் இவ்வளவுதான் வித்தியாசம். இனி நிற்கப் போவதில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார். குடியரசுக் கட்சிப் பக்கம் முன்னாள் ஆளுநர் பால் லெபேஜ் இறங்கியிருக்கிறார். சீட்டு காலி, எதிரே ஊரறிந்த பெரிய பெயர். நாடே ஏன் இங்கே திரும்பிப் பார்க்கிறது, உங்கள் குழுக்களுக்கு ஏன் வேர்க்கிறது என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது.

சரி, பணத்துக்கு வருவோம்.

2020 செனட் தேர்தலை நீங்கள் மறந்திருக்கலாம், இங்கே யாரும் மறக்கவில்லை. காலின்ஸை எதிர்த்து நின்ற சாரா கிடியனுக்கு நாடு முழுவதிலிருந்தும் பணம் கொட்டிற்று. 7 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். கோடைக்குப் பிறகு வந்த கருத்துக்கணிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவர்தான் முன்னால். பைடன் மாநிலத்தை 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், அதே நாளில் காலின்ஸும் 8 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எல்லாம் முடிந்தபோது கிடியனின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் செலவாகாமலே கிடந்தது! வாங்க விளம்பர நேரம் மிச்சமில்லை, அடைக்கத் தபால் பெட்டியில் இடம் மிச்சமில்லை. உங்கள் 25 டாலர் அந்த ஒன்றரைக் கோடியில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இங்கே இருக்கும் தொலைக்காட்சிச் சந்தைகள் சின்னவை. வடக்கே பிரெஸ்க் ஐல் நாட்டிலேயே மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று. அதற்குள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொண்டுவந்து திணித்தால் என்ன ஆகும்? அக்டோபரில் சாயங்காலச் செய்தி பார்க்க உட்கார்ந்தால் செய்திக்கு நடுவே விளம்பரம் என்ற நிலை மாறி விளம்பரத்துக்கு நடுவே செய்தி வருகிறது. ஒரே வேட்பாளர் முதல் விளம்பரத்தில் தேவதூதர், அடுத்ததில் கொலைகாரர், அதற்கடுத்ததில் மறுபடியும் தேவதூதர், கடைசியில் சொன்ன அமைப்பின் பெயரை இந்த மாநிலத்தில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கும் பட்டன்தான் எங்கள் வீட்டில் முதலில் தேய்ந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளரின் சொந்தப் பிரசாரத்துக்கு இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தில்தான் விளம்பர நேரம் விற்க வேண்டும், அது சட்டம். சூப்பர் பேக் (வேட்பாளரோடு சேராமல் தனியாகப் பணம் திரட்டிச் செலவழிக்கும் குழு) மாதிரி வெளி அமைப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது, நிலையம் கேட்கிற விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதே முப்பது வினாடிக்கு அவர்கள் பல மடங்கு கொடுக்கிறார்கள். "நள்ளிரவுக்குள் கொடுத்தால் மும்மடங்காகும்" என்று உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற அமைப்புக்கு நீங்கள் 100 டாலர் கொடுத்தால் திரட்டும் செலவு போக மிச்சம் இந்த விலைக்குத்தான் போகிறது. கொடுத்தே தீருவேன் என்றால் வேட்பாளருக்கு நேரே கொடுங்கள், ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். இன்னொன்று, குழுவில் லிங்க் போடுகிறவர்கள் இதைச் சேர்த்தே போட வேண்டும்: எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். ஆர்வத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு முழிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது பாவமாக இருக்கிறது.

வெளிப்பணத்தைப் பற்றி இந்த ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? மாநிலத் தேர்தல்களில் செலவழிக்கும் இந்த மாதிரி அமைப்புகளுக்கு ஒருவர் வருஷத்துக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. நாலில் மூன்று பேர் சரி என்றார்கள். டிரம்ப்காரர்களும் ஹாரிஸ்காரர்களும் சேர்ந்து போட்டால்தான் அந்த எண்ணிக்கை வரும். வழக்குப் போட்டு, 2025இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தது தனிக்கதை. "வெளியூர்ப் பணத்தில் நிற்கிறவர்" என்று ஒருவரைப் பற்றி இங்கே ஒரு விளம்பரம் வந்தால் அது குத்துகிறது, அந்த விளம்பரமும் வெளியூர்ப் பணத்தில் வந்ததுதான் என்றாலும்.

அப்புறம் போன். உங்கள் நல்ல மனசை நான் சந்தேகப்படவில்லை, ஆனால் கையில் இருக்கும் ஸ்கிரிப்ட் வாஷிங்டனில் எழுதினது, அரிசோனாவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் அதையேதான் வாசிக்கிறீர்கள். ஸ்டோனிங்டனில் ஒரு லாப்ஸ்டர்காரர் வீட்டுக்கு ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுகிறீர்கள். அவர் விடிவதற்கு முன்னால் படகை எடுக்க வேண்டியவர், அந்நேரத்துக்குத் தூங்கப் போயிருப்பார். தப்பித் தவறி எடுத்துவிட்டாலும், ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது என்றோ எல்லை ஆபத்தில் இருக்கிறது என்றோ நீங்கள் ஆரம்பிக்கும்போது அவர் மனசில் ஓடுவது வேறு: திமிங்கிலம். 'ரைட் வேல்' என்கிற வலது திமிங்கிலங்கள் லாப்ஸ்டர் பொறிக் கயிற்றில் சிக்கிக்கொள்கின்றன என்று மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுகள், 2022இல் ஒரு மீன் தரப்பட்டியல் அமெரிக்க லாப்ஸ்டரைத் "தவிர்க்க வேண்டியது" என்று சிவப்பில் போட்டது, அதே வருஷ டிசம்பரில் காங்கிரஸ் புதிய விதிகளை ஆறு வருஷத்துக்குத் தள்ளிவைத்தது. அதற்காகக் காங்கிரஸில் மேய்னுக்கு இருந்த நாலு பேரும், இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர், ஒரு குடியரசுக் கட்சிக்காரர், ஒரு சுயேச்சை, ஒன்றாக நின்றார்கள். அந்த ஆறு வருஷம் 2028 முடிவில் தீர்கிறது. இப்போது தேர்ந்தெடுக்கப்படுகிறவர் காலத்திலேயே. ஸ்கிரிப்டில் திமிங்கிலம் இருக்கிறதா?

காட்டுப் பக்கம் போனால் காகித ஆலைகள். மில்லினாக்கெட் ஆலை 2008இல் நின்றது, கிழக்கு மில்லினாக்கெட்டும் பக்ஸ்போர்ட்டும் 2014இல், ஜே 2023இல். இவற்றில் ஒன்றில் மூடியபோது வேலை பார்த்தவருக்கு "பொருளாதாரம் நன்றாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் எரிச்சல்தான் வரும், சொல்கிறவர் எந்தக் கட்சி என்றுகூடப் பார்க்க மாட்டார். இதே தொகுதியில் மைக் மிஷோ என்பவர் ஆறு முறை ஜெயித்தார் என்றால், காங்கிரஸுக்குப் போவதற்கு முன் சுமார் முப்பது வருஷம் கிழக்கு மில்லினாக்கெட் ஆலையில் அவரே வேலை பார்த்தவர் என்பது அதில் பெரிய பங்கு. பிறகு மருத்துவமனை. கேலஸில் 2017இல் பிரசவப் பிரிவை மூடினார்கள், ஃபோர்ட் கென்ட்டில் 2023இல், ஹூல்டனில் 2025இல். கர்ப்பிணிப் பெண்ணைப் பனியில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் காரில் கூட்டிப்போக வேண்டும் என்பது பிப்ரவரியில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பற்றிப் பேச வேண்டுமென்றால் அங்கிருந்து பேசலாம், இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பார்கள். ஸ்கிரிப்டில் அது "சுகாதாரம்" என்று ஒரே சொல்லாக வருகிறது.

இதையெல்லாம்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது ஓட்டுச்சீட்டைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் அரைகுறைத் தகவல்.

காங்கிரஸ் தேர்தலில் எங்கள் சீட்டு கட்டம் கட்டமாக இருக்கும். இடது பக்கம் வேட்பாளர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று பத்திகள், நடுவே கறுப்பாக்க வேண்டிய முட்டை வடிவக் கட்டங்கள். முதல் விருப்ப ஓட்டிலேயே பாதிக்கு மேல் வாங்கியவர் ஜெயித்தார். யாரும் வாங்கவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்கு அந்த ஓட்டைச் சேர்க்கிறார்கள். 2010இல் லெபேஜ் 38 சதவீதத்தோடு ஆளுநரானார். பலமுனைப் போட்டியில் அந்த மாதிரி நடந்ததைப் பார்த்துச் சலித்தவர்கள் பலர் சேர்ந்துதான் 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். சட்டமன்றம் இழுத்தடித்தது, 2018 ஜூனில் மக்கள் இன்னொரு முறை ஓட்டுப் போட்டு அதைக் காப்பாற்றினார்கள்.

அந்த நவம்பரே சோதனை வந்தது. பதவியில் இருந்த புரூஸ் பாலிக்வின் முதல் எண்ணிக்கையில் கோல்டனைவிடச் சுமார் 2,000 ஓட்டு முன்னால், ஆனால் இருவருமே 46 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றார்கள். நடுவே இரண்டு சுயேச்சைகள், சேர்ந்து 8 சதவீதம். ஊர் ஊராகச் சீட்டுகளையும் நினைவகக் குச்சிகளையும் வண்டியில் ஏற்றித் தலைநகர் அகஸ்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தபோது கோல்டன் சுமார் 3,500 ஓட்டில் முன்னால். பாலிக்வின் நீதிமன்றம் போனார், டிரம்ப் நியமித்த நீதிபதியே மனுவைத் தள்ளுபடி செய்தார். இந்தத் தொகுதியில் பதவியில் இருப்பவர் தோற்றது 1916க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், "சுயேச்சைக்குப் போட்டால் ஓட்டு வீண்" என்று போஸ்ட்கார்டில் எழுதி அனுப்புகிறீர்கள், அது இங்கே தப்பு. இந்த ஊரில் அந்த வாக்காளரிடம் பேச வேண்டிய முறையே வேறு: முதல் இடம் உங்கள் இஷ்டம், இரண்டாம் இடம் எங்களுக்குக் கொடுங்கள். ஆனால் அதிலும் ஒரு கொக்கி. ஆளுநர், மாநிலச் சட்டமன்றம் ஆகியவற்றின் பொதுத் தேர்தலில் யாருக்கு அதிக ஓட்டோ அவரே ஜெயித்தவர் என்று மாநில அரசியலமைப்பு சொல்வதாக 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது. 2018இலும் 2022இலும் ஒரே நாளில், ஒரே மறைப்புக்குள் நின்று, ஆளுநருக்கு ஒரு விதியிலும் காங்கிரஸுக்கு இன்னொரு விதியிலும் ஓட்டுப் போட்டோம். 2022இல் ஓட்டுச்சாவடியில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், எதில் தரவரிசை போடணும், எதில் போடக் கூடாது என்று அங்கிருந்த பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முந்தின வாரம் கலிஃபோர்னியாவிலிருந்து யாரோ போன் போட்டு மூன்றாவதாக ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். தெரியாவிட்டால், "உங்கள் டவுன் கிளார்க்கிடம் (ஊரில் தேர்தலை நடத்தும் அலுவலர்) கேளுங்கள்" என்று ஒரு வரியோடு விட்டுவிடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

அப்படியானால் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். அப்படியில்லை. நேரில் வாருங்கள். பாஸ்டனிலிருந்து பாங்கோர் நாலு மணி நேரம்தான். வந்தால் முதல் நாளே கதவைத் தட்டாதீர்கள். பல ஊர்களில் குப்பை வண்டி வீட்டுக்கு வராது, சனிக்கிழமை காலையில் அவரவரே டம்பு என்கிற குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும், ஊர்க் கதையெல்லாம் அங்கேதான். கையெழுத்து வாங்குகிறவர்கள், வேட்பாளர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். உள்ளூர் தொண்டர் ஒருவரோடு போய் நின்று ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேளுங்கள். கிரேஞ்ச் ஹால் என்கிற விவசாயிகள் சங்கக் கூடத்தில் பீன் சப்பர், அதாவது ஊர் கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து, நடந்தால் பத்து டாலரோ என்னவோ கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். (பீன்ஸ் கொஞ்சம் இனிக்கும், ஊறுகாய் எடுத்துப் போகலாமா என்று கேட்காதீர்கள்.) தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமைதான் உள்ளூர்க்காரர்களுக்கு மான் வேட்டைத் துப்பாக்கிக் காலம் தொடங்குகிறது. காட்டோரத்து வீடுகளுக்குப் போவதென்றால் பளிச்சென்ற ஆரஞ்சு அங்கி போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள், அன்று வேட்டைக்குத் தடை.

பணம்தான் கொடுக்க முடியும் என்றால் மாவட்ட அளவிலான கட்சிக் கமிட்டிகளைத் தேடிக் கொடுங்கள், நீலமானாலும் சிவப்பானாலும். ஹால் வாடகை, பெட்ரோல், வயசானவர்களைச் சாவடிக்குக் கூட்டிப்போகும் வண்டி, இதற்கெல்லாம் அவர்கள் அல்லாடுகிறார்கள். சிவப்பு எஸ்எம்எஸ்ஸுக்கோ நீல எஸ்எம்எஸ்ஸுக்கோ போகும் 25 டாலர் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை, உங்களால் மட்டும் ஆகக்கூடியது. பாங்கோர், லூயிஸ்டன், ஆபர்ன் பக்கம் நம் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், மருத்துவர்கள், மென்பொருள்காரர்கள், பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள். குடியுரிமை வாங்கியும் இன்னும் பதிவு செய்யாதவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள், தமிழில். மேய்னில் 1973 முதலே தேர்தல் நாளன்றுகூடப் பதியலாம். அடையாளச் சான்றும், இந்த ஊரில் குடியிருப்பதைக் காட்டும் ஏதாவது ஒரு கடிதமும் எடுத்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்குச் சாவடி மூடுவதற்குள் வந்துவிட்டால் போதும். யாருக்குப் போடணும் என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள், அவருக்கே தெரியும்.

அன்புடன்,
பாங்கோரிலிருந்து ஒரு வாக்காளர்